கருமருந்து ரைஃபிளுக்கு லோடு கண்டுபிடிப்பது: எத்தனை கிரெயின் என்று கேட்பதற்கு முன்னால்

பழங்காலத் துப்பாக்கி என்றதும் நமக்குத் தோன்றும் காட்சி ஒன்றுதான். கொம்பிலிருந்து கொஞ்சம் மருந்தைக் குழலுக்குள் கொட்டுவார்கள், ஒரு ஈயக் குண்டைப் போடுவார்கள், நீளக் கோலால் நாலு இடி, அப்புறம் டமால். இதில் துல்லியத்துக்கு எங்கே இடம், ஏதோ அந்தத் திசையில் போய் விழும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர்களிடம் வேறொரு தவறு உண்டு: மருந்தைக் கூட்டினால் குண்டு வேகமாகப் போகும், வேகமாகப் போனால் நேராகப் போகும் என்பது. இரண்டுமே சரியில்லை, ஏன் சரியில்லை என்று சொல்லத்தான் இது.

நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். 1700களில் இங்கே லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள்தான் அந்த நீளக்குழல் ரைஃபிளை உருவாக்கினார்கள், பின்னால் அதற்குக் கென்டக்கி ரைஃபிள் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே இங்கே தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. இந்த வகைத் துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம் 1933இல் தொடங்கியது, இண்டியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊரில் அவர்களுடைய சுடுதளம் இருக்கிறது. அதாவது இது மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விஷயமல்ல, சனிக்கிழமை காலையில் ஆட்கள் கூடிச் செய்வது.

சுடுதளத்தில் புதிதாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எத்தனை கிரெயின் போடறீங்க?" என்பது. கிரெயின் என்பது மருந்தை அளக்கும் ஒரு சின்ன அலகு. பதில் சொல்லலாம், ஆனால் அவருக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

லோடு என்றால் மருந்து மட்டும் இல்லை

குழலின் வாய் வழியாகவே மருந்தும் குண்டும் போடப்படும் துப்பாக்கிக்கு மஸில்லோடர் என்று பெயர். நம் ஊரில் நரிக்குறவர்கள் தோளில் மாட்டியிருந்த நாட்டுத் துப்பாக்கியும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் பெரும்பாலும் குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும், சின்னச் சின்ன ஈய ரவைகளைப் போட்டுச் சுடுவது. நான் பேசுவது உள்ளே முறுக்குக் கோடு வெட்டிய, ஒற்றைக் குண்டு போடும் ரைஃபிளைப் பற்றி. (இந்தியாவில் மஸில்லோடருக்கும் உரிமம் வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

இப்போது ஃபில்டர் காபியை நினைத்துக்கொள்ளுங்கள். டிகாக்‌ஷன் நன்றாக இறங்குவது எத்தனை ஸ்பூன் பொடி என்பதில் மட்டுமா இருக்கிறது? பொடி கொரகொரப்பா நைஸா, மேல் தட்டை எவ்வளவு அழுத்தினோம், தண்ணீர் எந்தச் சூடு, ஃபில்டர் அடியில் உள்ள ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா, இத்தனையும் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி "மூணு ஸ்பூன்" என்று சொன்னதை வைத்து உங்கள் ஃபில்டரில் அவர் வீட்டுக் காபி வராது.

லோடு என்பதும் அப்படித்தான். மருந்தின் அளவு, மருந்தின் பருமன், குண்டின் விட்டம், குண்டைச் சுற்றும் துணியின் தடிமன், அந்தத் துணியில் தடவிய பசை (ஒட்டுவதற்கல்ல, வழுக்குவதற்கு), கோலால் அழுத்தும் அழுத்தம், இரண்டு சூட்டுக்கு நடுவே குழலைத் துடைத்தோமா இல்லையா, எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு லோடு. இதில் ஒன்றை மாற்றினாலும் அது வேறு லோடு. நண்பருடைய ரைஃபிளும் உங்களுடையதும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு குழலுக்கும் பிடித்த லோடு வேறாக இருக்கும்.

நடுப்புள்ளியை மறந்துவிடுங்கள்

மாமரத்தடியில் ஒரு பையன் கல் விடுகிறான். பத்துக் கல்லும் மாங்காய்க்கு ஒரு சாண் இடது பக்கமாகவே போகிறது. இன்னொருவன் விடும் கற்களில் ஒன்று மாங்காயில் படுகிறது, ஒன்று எதிர்வீட்டு ஓட்டில், ஒன்று ஆகாயத்தில். யார் நல்ல கை? முதல் பையன்தான். அவனை ஒரு சாண் வலது பக்கம் பார்த்து விடச் சொன்னால் போதும். இரண்டாமவனுக்கு என்ன சொல்வீர்கள்?

காகிதத்தில் விழும் ஓட்டைகளின் கூட்டத்துக்குக் குரூப் என்று பெயர். லோடு தேடும்போது பார்க்க வேண்டியது அந்தக் கூட்டம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை மட்டும். அது நடுவில் விழுகிறதா ஓரத்தில் விழுகிறதா என்பது குறிக்காணியை, அதாவது குறி பார்க்கக் குழலின்மேல் இருக்கும் சின்ன முனையை, நகர்த்திச் சரிசெய்கிற வேலை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். புதியவர்கள் பாதிப் பேர் ஒவ்வொரு சூட்டுக்கும் குறிக்காணியைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், அப்புறம் எது எதனால் மாறியது என்று அவர்களுக்கே தெரியாது.

சுருக்கமாக, இதுவரை இரண்டு விஷயம். லோடு என்பது முழுச் சமையல் குறிப்பு, மருந்து அதில் ஒரு சாமான். நாம் தேடுவது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடப்பதை.

குண்டைச் சுழற்றுவது துணி

குழலின் உள்சுவரில் திருகு மாதிரி வெட்டிய கோடுகளுக்கு ரைஃபிளிங் என்று பெயர், அந்தப் பெயர்தான் துப்பாக்கிக்கும் வந்தது. அந்தத் திருகு எவ்வளவு நீளத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பது ட்விஸ்ட். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 1:48 என்று எழுதுவார்கள். 48 அங்குலம் என்றால் 4 அடி, குண்டு வினாடிக்கு 1,600 அடி வேகத்தில் வெளியே வந்தால் வினாடிக்கு 400 சுற்று. பம்பரம் கெட்டது.

ஏன் சுழற்ற வேண்டும்? எந்தக் குண்டும் முழுக்கச் சமனாக இருக்காது. வார்க்கும்போது உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழி நின்றிருக்கும், வார்த்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். சுழலாமல் போனால் கனமான பக்கம் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போகும். சுழன்றால் அந்த இழுப்பு எல்லாப் பக்கமும் மாறி மாறி வந்து கழிந்துவிடும். உருண்டைக் குண்டுக்கு இது போதும், அதனால் 1:66, 1:70 போன்ற மெதுவான ட்விஸ்டே அதற்குப் பிடிக்கும். நீளமான குண்டு அப்படியில்லை, அது தலைகுப்புறக் கவிழப் பார்க்கும், அதை நேராகப் பிடித்து வைக்க வேகமான சுழற்சி தேவை, 1:28 மாதிரி. நடுவில் உள்ள 1:48 இரண்டையும் ஓரளவு சுடும். ஆகவே ரைஃபிளை வாங்கியதும் பார்க்க வேண்டியது அதன் ட்விஸ்ட். 1:28 குழலில் உருண்டைக் குண்டையும் நிறைய மருந்தையும் போட்டுவிட்டு குரூப் வரவில்லை என்று அழுவதில் அர்த்தமில்லை.

சரி, கோடு குழலில் இருக்கிறது, குண்டு உருண்டை, அது எப்படிக் கோட்டைப் பிடிக்கிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. குண்டு குழலைத் தொடுவதே இல்லை.

50 காலிபர் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அங்குலத்தின் நூறில் ஒரு பங்குகளில், அதாவது இது அரை அங்குலம், 0.500. இதற்குப் பொதுவாகப் போடும் குண்டு 0.490. வேண்டுமென்றே சின்னது, சும்மா போட்டால் உருண்டு ஓடிவிடும். அதை 0.015 அங்குலத் தடிமனுள்ள ஒரு பருத்தித் துணித் துண்டில் பொதிந்து இறக்குவார்கள், அதற்குப் பேட்ச் என்று பெயர். இரண்டு பக்கமும் துணி சேர்ந்தால் 0.490 + 0.030 = 0.520. குழலில் கோடுகளின் ஆழம் ஒரு பக்கம் 0.010 என்றால் கோட்டிலிருந்து எதிர்க்கோடு வரை 0.520. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது பார்த்தீர்களா? கோட்டுக்குள் துணி நிரம்புகிறது, கோட்டுக்கு வெளியே மேடான இடத்தில் துணி நசுங்கிக் குண்டை இறுகப் பிடிக்கிறது. சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பதும், பின்னாலிருந்து வரும் வாயு பக்கவாட்டில் கசியாமல் அடைப்பதும், பசையைச் சுமந்துபோவதும் அந்தத் துணிதான்.

அந்தத் துணி என்ன துணி தெரியுமா? மெத்தையும் தலையணையும் தைக்கிற கோடு போட்ட தடித்த துணி. கடையில் வாங்கி, கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து வெட்டிக்கொள்ள வேண்டும். பாலியஸ்டர் கலந்தது உதவாது, உருகி ஒட்டிக்கொள்ளும். என் மனைவி ஒருமுறை அந்தத் துணியில் தலையணை உறை தைக்கலாம் என்று எடுத்துவைத்திருந்தாள், அதற்குள் நான் பாதியை வட்டம் வட்டமாக வெட்டியிருந்தேன். அது தனிக் கதை.

நீளக் குண்டுகளுக்குத் துணி கிடையாது. 1849இல் பிரெஞ்சுக்காரரான மினியே செய்த குண்டின் அடிப்பாகம் குடைவாக இருக்கும், வாயு அழுத்தியதும் அந்த விளிம்பு விரிந்து கோட்டைப் பிடிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஸ்பிரிங்ஃபீல்டு, இங்கிலாந்தின் என்ஃபீல்டு எல்லாம் இந்த வழிதான். 1857இல் நம் சிப்பாய்கள் கடிக்க மறுத்த அந்தக் கொழுப்புத் தடவிய தோட்டாவை நினைவிருக்கிறதா? அந்தக் கொழுப்பும், இங்கே நான் துணியில் தடவுகிற பசையும் செய்கிற வேலை ஒன்றே: கரி பிடித்த குழலில் குண்டு சிக்காமல் இறங்குவது.

மருந்து: ரவையும் நொய்யும்

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த பழைய வெடிமருந்து. சிவகாசிப் பக்கம் கருந்திரி என்று சொல்கிறார்களே, அதில் இருக்கும் கறுப்பும் இந்த வகைதான். துப்பாக்கிக்கு வரும்போது இதைப் பருமன் வாரியாகப் பிரித்து விற்கிறார்கள். எஃப் எழுத்து கூடக்கூடப் பொடி நைஸாகும். டூ எஃப் கொஞ்சம் கொரகொரப்பு, 50 காலிபருக்கும் அதற்கு மேலும் வழக்கமாக அது. த்ரீ எஃப் அதைவிட நைஸ், சின்னக் காலிபர்களுக்கு. நைஸான பொடிக்கு மேற்பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் எரியும், அழுத்தமும் சீக்கிரம் ஏறும். சிராய் குபீரென்று பற்றுவதும் கட்டை நின்று எரிவதும் மாதிரி. ஆக, டூ எஃப்பில் சொன்ன அளவை அப்படியே த்ரீ எஃப்பில் போடக்கூடாது.

அளவைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், 50 கிரெயின் என்பது சுமார் 3.2 கிராம். கிரெயின் எடையின் பெயர் என்றாலும் கருமருந்தைத் தராசில் நிறுப்பதில்லை, நம் ஊர்ப் படி உழக்கு போல ஒரு சின்னப் பித்தளை அளவையில் முகந்து போடுவதுதான் வழக்கம். அதே அளவில் முகக்கலாம் என்று விற்கும் மாற்று மருந்துகள் கருமருந்தைவிட எடை குறைந்தவையாக இருக்கும், அவற்றைத் தராசில் 50 கிரெயின் நிறுத்துப் போட்டால் அது அளவுக்கு மிஞ்சிய மருந்து. அளவை நிரப்பும்போது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிரப்பி, ஒரே எண்ணிக்கையில் தட்டி, வழித்துவிட வேண்டும்.

இப்போது அந்தப் பழைய கேள்வி. மருந்தைக் கூட்டினால் ஏன் குறி கூடுவதில்லை?

முதலாவது, துணி தாங்காது. அழுத்தம் ஏற ஏறத் துணி கருகும், கிழியும், கிழிந்தால் வாயு ஒரு பக்கமாகக் கசிந்து குண்டைத் தள்ளிவிடும். இரண்டாவது, மருந்து வெடிக்கும்போது குழல் அதிர்கிறது, தூண்டில் கழியைச் சொடுக்கினால் நுனி ஆடுமே அப்படி, கண்ணுக்குத் தெரியாத அளவில். குண்டு வெளியேறும் கணத்தில் நுனி எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். ஊஞ்சல் உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்கிறதல்லவா, நுனியும் தன் ஆட்டத்தின் கடைசியில் அப்படி நிற்கும். அந்த நேரத்தில் குண்டு வெளியே வரும்படியான மருந்தளவு அமைந்தால், வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குண்டு கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் விழும். அந்த அளவு உங்கள் குழலில் எது என்று யாரும் எழுதிவைக்க முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உருண்டைக் குண்டு காற்றில் மிகவும் மோசமான பிரயாணி. வினாடிக்கு 2,000 அடியில் அனுப்பினாலும் 100 கெஜம் போவதற்குள் ஏறக்குறைய பாதி வேகத்தை இழந்துவிடும். கூடுதல் மருந்துக்குக் கொடுத்த காசு அங்கேயே போயிற்று, தோளில் வாங்கின உதை மட்டும் மிச்சம்.

முதல் தோசை

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகப் போவதில்லை, புகையாகவும் கரியாகவும் நிற்கிறது. குழலில் படியும் இந்தக் கசடுக்கு ஃபவுலிங் என்று பெயர். ஒவ்வொரு சூட்டுக்கும் குழல் கொஞ்சம் குறுகுகிறது, அடுத்த குண்டு கொஞ்சம் இறுக்கமாக இறங்குகிறது, அழுத்தம் மாறுகிறது. அஞ்சாவது சூட்டில் நீங்கள் சுடுவது முதல் சூட்டின் லோடே இல்லை.

தோசை வார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் தோசை எப்போதும் சரியாக வராது, எண்ணெய் பூசித் துடைத்து வைத்த குழலிலிருந்து வரும் முதல் குண்டும் அப்படியே, தனியாக எங்கேயோ போய் விழும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம் ஒவ்வொரு தோசைக்கும் நடுவில் பாதி வெங்காயத்தால் கல்லைத் துடைப்போமே, அதேபோல ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, இறக்கி ஏற்ற வேண்டும். ஈரம் என்றால் சொட்டச் சொட்ட அல்ல, மருந்து நனையும். கசடு தண்ணீரில் நன்றாகக் கரையும். பெட்ரோலிய எண்ணெயில் தார் மாதிரி குழையும், அதனால்தான் நவீனத் துப்பாக்கி எண்ணெயைப் பசையாகத் தடவக்கூடாது.

என்னைக் கேட்டால் புதியவர்களின் குரூப் கெடுவதற்கு முக்கியக் காரணம் மருந்தளவு இல்லை, இந்தத் துடைப்புதான். முதல் நாளில் துடைப்பார்கள், மூன்றாவது குரூப்பில் பொறுமை போய்விடும்.

சுட்டுப் பார்ப்பது

முதலில் ஆபத்தைப் பேசிவிடுவோம், நீட்டி முழக்காமல். இந்த ரைஃபிளில் கருமருந்து, அல்லது அதற்கு மாற்று என்று தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட மருந்து, இவை தவிர எதுவும் போகக்கூடாது. நவீன தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து கொஞ்சம் போனாலும் குழல் வெடித்து கை போகும். கையேட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது. கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேராகக் குழலில் கொட்டக்கூடாது, உள்ளே ஒரு கங்கு இருந்தால் முழுக் கொம்பும் கையிலேயே வெடிக்கும். குண்டு மருந்தின்மேல் முழுக்க உட்கார வேண்டும். இடையில் இடைவெளி இருந்தால் குழல் வீங்கலாம், பிளக்கலாம். சரியாக உட்கார்ந்த நிலையில் கோலில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துச் சரிபார்க்கலாம். விசையை இழுத்தும் சுடவில்லையென்றால் குழலை இலக்கின் பக்கமே ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள்.

இப்போது வேலை. காலிபர் எண்ணையே கிரெயினாக எடுத்துத் தொடங்குவது பழைய வழக்கம்: 50 காலிபருக்கு 50 கிரெயின். 50 கெஜத்தில் காகிதம், மேஜைமேல் மணல் மூட்டை, ரைஃபிளின் முன்பக்கம் அதன்மேல். அஞ்சு சூடு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் துடைப்பு. காகிதத்தைக் கழற்றி 50 என்று எழுதி வைத்துவிட்டுப் புதுக் காகிதம், 55 கிரெயின், மறுபடி அஞ்சு. இப்படி அஞ்சு அஞ்சாக, உச்ச அளவுக்கு உள்ளே. வேறு எதையும் தொடாதீர்கள், அதே துணி, அதே பசை, அதே குண்டு.

காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கதை தெரியும். குரூப் விரிந்து இருக்கும், ஒரு இடத்தில் சுருங்கும், அப்புறம் மறுபடி விரியும். சுருங்கிய இடத்தைச் சுற்றி இரண்டு இரண்டு கிரெயினாக இன்னொரு சுற்று. அதற்கப்புறம்தான் துணியின் தடிமனையோ பசையையோ மாற்றிப் பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். குண்டுகள் மேலும் கீழுமாக நீளவாக்கில் விழுந்தால் வேகம் சூட்டுக்குச் சூடு மாறுகிறது என்று அர்த்தம்: முகப்பதிலோ அழுத்துவதிலோ துடைப்பதிலோ சீர் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மூன்று குண்டு ஒட்டிக்கொண்டு விழுந்தால் குதிக்காதீர்கள். மூன்று என்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். வேறொரு நாள், வேறொரு வெயிலில், அதே லோடு அதே மாதிரி விழுந்தால்தான் அது லோடு.

பக்கத்தில் இருப்பவரோடு பேசும் சுவாரசியத்தில் மருந்தே போடாமல் குண்டை இறக்கிவிடுவதும் நடக்கும். எனக்கு நடந்தது, பக்கத்து மேஜைக்காரர் வானிலை பற்றி ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே துணியும் குண்டும் கோலும். திருகாணி மாதிரி ஒரு கருவியைக் கோலின் நுனியில் மாட்டிக் குண்டில் முறுக்கி இழுத்து எடுக்க இருபது நிமிடம் ஆனது. அந்த மனிதர் சிரிக்காமல் இருந்ததுதான் அதைவிடக் கஷ்டம்.

புல்லில் கிடக்கும் துணி

குரூப் ஏன் கெட்டது என்று காகிதம் சொல்லாது, துணி சொல்லும். சுட்ட பேட்ச் சில கெஜம் தள்ளிப் புல்லில் விழுந்து கிடக்கும். எல்லோரும் சுடுவதை நிறுத்தியதும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். நல்ல பேட்ச் நடுவில் குண்டு உட்கார்ந்த இடத்தில் வட்டமான கரித் தடத்தோடு, ஓரம் கொஞ்சம் பிசிறினாலும் முழுசாக இருக்கும், துவைத்தால் மறுபடி பயன்படுத்தலாம் போலத் தோன்றும். நடுவைச் சுற்றிக் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது பசை போதவில்லை, அல்லது மருந்து அதிகம். கோடு கோடாக வெட்டுப்பட்டிருந்தால், அதுவும் ரைஃபிளிங் இடைவெளிக்கு ஒத்த இடங்களில், குழலின் வாய் விளிம்பு கூராக இருக்கிறது. புதுக் குழல்களில் இது சகஜம், நூற்றுக்கணக்கில் சுட்டபின் மழுங்கிச் சரியாகும், அல்லது தெரிந்தவரிடம் கொடுத்து விளிம்பை மட்டும் மெருகேற்றலாம்.

போன அக்டோபரில் என் 50 காலிபரில் 70 கிரெயினில் குரூப் இரண்டு கை அகலத்துக்கு விரிந்தது. மருந்தைக் குறைக்கத்தான் முதலில் தோன்றியது. பேட்சைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அஞ்சில் நாலு சல்லடை. மருந்தளவை அப்படியே வைத்துக்கொண்டு 0.018 தடிமன் துணிக்கு மாறினேன், இறக்குவது கடினம், குட்டைக் கோலால் முதல் தட்டு ஓங்கித் தட்ட வேண்டும், ஆனால் அடுத்த அஞ்சு குண்டும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின.

அந்த எண்ணை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: மருந்தின் பெயர், டப்பாவின் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டுவது), துணி, பசை, அன்றைய வெயில். போன மாதம் அந்த டப்பா தீர்ந்தது. அதே பெயரில் புது டப்பா வந்திருக்கிறது, லாட் எண் வேறு, ஆகவே வரும் சனிக்கிழமை மறுபடி 50 கிரெயினிலிருந்து.